காற்றும் பாலமும் மோட்டார்ச் சைக்கிளும்

எம் நாட்டுக் கடற்றொழிலாளர் காற்றைத் திசைவாரியாகப் பகுத்துப் பெயரிட்டு வழங்குவர். வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கச்சான். தெற்கும் தென்மேற்கும் சார்ந்து வீசுவது சோளகம். பாய்விரித்துத் தொழில் செய்த காலத்தில் இவற்றின் இயல்பறியாது கடலிற் செல்லல் இயலாதிருந்தது. இன்று நம்மிற் பெரும்பாலோர் தோணி ஏறுவதில்லை. ஆயினும் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவருமாகப் பலர் நாள்தோறும் மோட்டார்ச் சைக்கிளில் ஏறி நீர்ப்பரப்பைக் கடக்கின்றனர். பண்ணைத் தாம்போதி, பொன்னாலையிலிருந்து காரைநகர் செல்லும் தாம்போதி, வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதி, 2011 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் என்பன அவர் செல்லும் வழிகளாம். இவ்வழிகளிற் செல்வோர் காற்றின் இயல்பை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆடி மாதத்து நண்பகல் ஒன்றில், பூநகரிக்குச் செல்லும்பொருட்டுச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்க நேர்ந்தது. சோளகம் வலப்புறமிருந்து ஓங்கி வீசிற்று. இரு கைகளாலும் கைபிடியை இறுகப் பற்றி, உடலை விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சென்றேன். இறுகப் பற்றுந்தோறும் வண்டி முன்னிலும் மிகுதியாக அலைந்தது. அவ்வேளை பின்னே பெரியதொரு மீன்பெட்டியைக் கட்டிய பழைய மோட்டார்ச் சைக்கிளொன்றில் முதியவர் ஒருவர் என்னை அமைதியாகக் கடந்து சென்றார். அக்கரையிலுள்ள தேநீர்க் கடையில் அவரைக் கண்டு, அவ்வளவு எளிதாக எங்ஙனம் வந்தீர்கள் என்று வினவினேன். “தம்பி, காற்றோடை மல்லுக்கட்டப்படாது. பாய்க்கயிற்றை இறுக்கிக் கட்டினவன்தான் கவிழுவான்; கையிலை பிடிச்சிருக்கிறவன் கவிழான்” என்று கூறி அவர் போய்விட்டார்.

அவர் கூறியது அனுபவ மொழி. அம்மொழிக்கு அடிப்படையாயுள்ள பௌதிகவியல் உண்மைகள் யாவை என்பதையும், உலகின் உயர்ந்த பாலங்களிலே காற்றைக் குறித்து மனிதன் கற்றுக்கொண்டவை யாவை என்பதையும், அவற்றிலிருந்து ஓட்டுவோர் பெறத்தக்க பயன் யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

காற்றின் விசை

வீசுங் காற்று ஒரு பொருளின்மீது தாக்கும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும். அஃதாவது வேகம் இரு மடங்காயின் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்காயின் விசை ஒன்பது மடங்காகும். காற்றைப் பற்றிய தப்பெண்ணங்கள் பல இவ்வுண்மையை அறியாமையால் எழுவனவே.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். மோட்டார்ச் சைக்கிளும் அதன்மேல் இருப்பவரும் பக்கவாட்டிற் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் எனக் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று பக்கத்திலிருந்து வீசுமாயின், அது சுமார் 6 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு தள்ளும். வேகம் 54 கிலோமீற்றராயின் அவ்விசை 14 கிலோகிராமளவாகும்; 72 கிலோமீற்றராயின் 24 கிலோகிராமளவாகும். ஓடுபவரின் நிறையும் வண்டியின் நிறையும் சேர்ந்து 200 கிலோகிராமாயின், இவ்விசைகளை ஈடுசெய்து நேரே செல்வதற்கு வண்டி காற்று வரும் பக்கமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். முதற் காற்றுக்கு வேண்டிய சாய்வு இரண்டு பாகைக்கும் குறைவு. இரண்டாவதற்கு நான்கு பாகை. மூன்றாவதற்கு ஏறத்தாழ ஏழு பாகை. வளைவான தெருவொன்றிற் சாதாரணமாகத் திரும்பும்போது இவற்றினும் மிகுதியாக நாம் சாய்கின்றோம். ஆகவே, மாறாது ஒரே சீராக வீசுங் காற்று, அது வலிதாயினும், தன்னளவில் வண்டியை வீழ்த்துவதில்லை என்பது தெளிவாம்.

அங்ஙனமாயின் ஆபத்து யாண்டுளது? காற்று மாறுவதில் உளது. நிலத்தை அடுத்து வீசுங் காற்று ஒருபோதும் ஒரே சீராக இருப்பதில்லை. அது பாய்ந்தும் தணிந்தும் வரும். வானிலை அறிவிப்பிற் கூறப்படுவது பெரும்பாலும் சராசரி வேகமாகும். இடையிடையே எழும் வீச்சு அதனினும் ஒன்றரை மடங்கு விரைவாயிருத்தல் இயல்பு. 36 கிலோமீற்றர் வேகத்திற் சென்ற காற்று ஒரு கணத்தில் 54 கிலோமீற்றராகுமாயின், விசை இரு மடங்கினும் மிகும். காற்று திடீரெனத் தணிதலும் அதற்குக் குறைந்த ஆபத்தன்று. காற்றை நோக்கிச் சாய்ந்து செல்லும் வண்டி, தன்னைத் தாங்கிய காற்று நீங்கியதும், சாய்ந்த பக்கமாகவே திரும்பி ஓடும். சுவரிற் சாய்ந்திருப்பவனுக்குப் பின்னால் அச்சுவர் நீங்கியது போன்ற நிலை அது.

மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 20 மீற்றர் செல்கின்றது. அதன் திசை மூன்று பாகையளவு பிறழ்ந்தாலும், அடுத்த ஒரு வினாடியில் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் விலகிவிடும். ஒடுங்கிய பாலமொன்றில் ஒரு மீற்றர் என்பது உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தூரமாகலாம். இடப்புறமாக வண்டி செலுத்தும் நம் நாட்டில், வலப்புறக் காற்றின் வீச்சு நம்மைப் பாலத்தின் ஓரத்தை நோக்கித் தள்ளும். இடப்புறக் காற்றின் வீச்சு எதிரே வரும் வாகனங்களை நோக்கித் தள்ளும். போகும்போது ஓரத்தை அஞ்சியவன் திரும்பி வரும்போது எதிர்வரும் லொறியை அஞ்ச வேண்டியவனாகின்றான்.

வேகமும் பக்கக் காற்றும்

பக்கக் காற்றின் தாக்கம் காற்றின் வேகத்தை மாத்திரம் பொறுத்தது என்று பலர் எண்ணுவர். உண்மை அஃதன்று, ஓட்டுவோரின் வேகமும் அதிற் பங்குகொள்கின்றது. மழை நேரே விழும்போது விரைந்து ஓடுபவனுக்கு அது முன்னிருந்து சாய்வாக வருவதுபோலத் தோன்றும். அதுபோலவே, பக்கத்திலிருந்து வீசுங் காற்றும் வண்டியின் ஓட்டத்தால் எழும் எதிர்க்காற்றும் இணைந்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒரு பெருங்காற்றாக வண்டியைத் தாக்குகின்றன. இவ்விணைந்த காற்றின் வேகம் ஒவ்வொன்றினதும் தனி வேகத்தினும் பெரிது. இதனாற் பக்கவாட்டு விசையும் பெருகும். முற்கூறிய 36 கிலோமீற்றர் பக்கக் காற்று, நிற்கும் வண்டியை 6 கிலோகிராமளவு விசையோடு தள்ளுமாயின், 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியை 13 கிலோகிராமளவு விசையோடு தள்ளும். அவ்வண்டி தன் வேகத்தைப் பாதியாகக் குறைக்குமாயின் அவ்விசையும் மூன்றிலொரு பங்களவு குறையும். காற்றைக் குறைத்தல் எவராலும் இயலாது. வேகத்தைக் குறைத்தல் எல்லாராலும் இயலும்.

எனினும் ஆமைபோல ஊர்ந்து செல்லலும் நன்றன்று. மிகக் குறைந்த வேகத்தில் இரு சில்லு வண்டியின் நிலைபேறு குன்றும். சிறு வீச்சும் அதனைத் தள்ளாடச் செய்யும். ஆகலின், நடுத்தர வேகமே காற்றுக்கு உகந்த வேகம் என்க.

எதிர்த்திருப்பம்

வண்டி காற்றை நோக்கிச் சாய வேண்டும் என்று கூறினோம். சாய்ப்பது எங்ஙனம்? உடலை ஒரு பக்கம் வளைத்தால் வண்டி சாயும் என்று பலர் நம்புவர். உடலின் வளைவு தரும் உதவி சிறிது. வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் கைபிடியே. இடப்புறம் சாய வேண்டுமாயின், இடக் கைப்பிடியை முன்னோக்கிச் சற்றுத் தள்ளுதல் வேண்டும். அப்போது முன்சில்லு ஒரு கணம் வலப்புறம் திரும்பும். சில்லுகள் வலப்புறம் விலக, மேலேயுள்ள ஈர்ப்பு மையம் பின்தங்கி, வண்டி இடப்புறம் சாயும். இது கேட்போர்க்கு முரணாகத் தோன்றினும் சைக்கிளோடும் சிறுவரும் இதனையே தம்மையறியாது செய்கின்றனர். வானூர்தியை ஆக்கிய றைற் சகோதரர் முதலிற் சைக்கிட் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர் றைற், சைக்கிளோடுவோர் இடப்புறம் திரும்புமுன் கைபிடியைச் சிறிது வலப்புறம் திருப்புவதையும், அதனை அவர்கள் தாமே அறியாதிருப்பதையும் கண்டு குறிப்பிட்டுள்ளார்.

காற்றில் ஓடுவோர் இதனை அறிந்து செய்தல் வேண்டும். விதி எளிது: காற்று எப்பக்கமிருந்து வருகின்றதோ அப்பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளுக. வீச்சு மிகும்போது சற்று மிகுதியாகத் தள்ளுக; தணியும்போது உடனே தளர்த்துக. இதற்கு வேண்டுவது இரண்டு விரல்களின் வலிமையேயன்றி இரண்டு தோள்களின் வலிமையன்று. கைகளை விறைத்துக் கைபிடியை இறுகப் பற்றுபவனுக்கு இரு தீமைகள் நேர்கின்றன. முதலாவது, அவன் உடல் காற்றில் ஆடுந்தோறும் அவ்வாட்டம் விறைத்த கைகளின் வழியே முன்சில்லுக்குச் சென்று, வேண்டாத திருப்பங்களை உண்டாக்கும். இரண்டாவது, வீச்சு தணிந்த கணத்திலே தன் தள்ளுதலைத் தளர்த்த அவனால் இயலாது. சங்குப்பிட்டியில் என் வண்டி அலைந்தமைக்குக் காரணம் பாதி காற்றும் பாதி என் கைகளுமே என்பதை இதனை அறிந்த பின்னரே உணர்ந்தேன். பாய்க்கயிற்றைக் கட்டாது கையிற் பிடித்திருக்க வேண்டும் என்று அம்முதியவர் சொன்னதன் பொருளும் இதுவே.

உயரமும் நீர்ப்பரப்பும்

பாலங்களிற் காற்று மிகுவதற்குக் காரணங்கள் பல. மரங்களும் வீடுகளும் மதில்களும் நிலத்தை அடுத்து வீசுங் காற்றைத் தடுத்து அதன் வேகத்தைக் குறைக்கின்றன. நீர்ப்பரப்பில் அத்தகைய தடை இல்லை. எமது தாம்போதிகள் உயரமற்றவையாயினும் அவற்றிற் காற்று மிகுவது இதனாலேயாம். பாலம் உயர உயர நிலத்தின் உராய்வு மேலுங் குறைவதால் காற்றின் வேகம் மேலும் மிகும். திறந்த வெளியில் 10 மீற்றர் உயரத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று, 60 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 46 கிலோமீற்றர் வேகமுடையதாகும். வேகத்திலுள்ள இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் விசை ஒன்றரை மடங்கினும் மிகுந்து விடுகின்றது. மேலும், பெரும்பாலங்கள் இரு கரைகளும் நெருங்கிய நீரிணைகளிலும் பள்ளத்தாக்குகளிலுமே கட்டப்படுகின்றன. அகன்ற வெளியிலிருந்து வருங் காற்று அவ்வொடுங்கிய வாயிலிற் புகும்போது விரைவு பெறுகின்றது.

பாலம் கட்டினோர் கற்றவை

பாலங்கள் காற்றைத் தாங்க வேண்டும் என்பதை மனிதன் பெருவிலை கொடுத்தே கற்றான். ஸ்கொத்லாந்தில் தே ஆற்றின் கழிமுகத்தின் குறுக்கே அமைந்த புகையிரதப் பாலத்தின் நடுப்பகுதி, 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 28 ஆம் நாளிரவு வீசிய புயலில், அதன்மீது ஓடிக்கொண்டிருந்த புகையிரதத்தோடு வீழ்ந்தது. அதிலிருந்தோர் எவரும் பிழைத்திலர். அப்பாலத்தை அமைத்தபோது காற்றின் அமுக்கத்துக்கு ஏற்ற இடம் கொடுக்கப்படவில்லை. அதன் பின்னர் 1890 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்த் புகையிரதப் பாலம், ஒரு சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றமுக்கத்தைத் தாங்கத்தக்கதாக அமைக்கப்பட்டது.

தே பாலம் கற்பித்தது காற்றின் தள்ளுவிசை. காற்றின் மற்றொரு தொழிலை 1940 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள தக்கோமா நரோஸ் தொங்குபாலம் கற்பித்தது. அவ்வாண்டு யூலையில் திறக்கப்பட்ட அப்பாலம் நவம்பர் 7 ஆம் நாள் மணிக்கு 42 மைல் அளவான காற்றில் முறுகி முறுகி ஆடி வீழ்ந்தது. அக்காற்று பெரும்புயலன்று. பாலத்தின் ஒடுங்கிய தட்டும், அதன் பக்கங்களில் இடைவெளியின்றி அமைந்த உருக்குத் தகடுகளும் காற்றோடு இணைந்து அசைவை வளர்த்தன. ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவுக்கு வேண்டிய விசையைக் காற்றிலிருந்து பெற்றுக் கொடுத்தது. கைபிடியை விறைத்துப் பற்றியவனின் வண்டியிலும் அசைவு அசைவை வளர்ப்பதை முன்னர்க் கண்டோம். இரண்டும் ஒன்றல்லவாயினும் ஒப்புநோக்கத்தக்கன.

இப்பாடத்தைக் கற்றுக் கட்டப்பட்டவற்றுள் ஒன்று மிச்சிகன் மாநிலத்திலுள்ள மக்கினாக் பாலம். டேவிட் ஸ்ரைன்மன் என்னும் பொறியியலாளர் அமைத்த அப்பாலம் 1957 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் திறக்கப்பட்டது. இரு பேரேரிகள் சந்திக்கும் நீரிணையின் மேலே அது ஏறத்தாழ ஐந்து மைல் நீளமுடையது. நடுக்கண் 3,800 அடி. நடுவில் தெரு நீர்மட்டத்திலிருந்து சுமார் 200 அடி, அஃதாவது ஏறத்தாழ 60 மீற்றர், உயரத்தில் உளது. காற்று தடையின்றி ஊடுருவிச் செல்லும்பொருட்டு அதன் பக்கங்கள் திறந்த உருக்குச் சட்டகங்களாகவும், நடுவிலுள்ள இரு ஓடுவழிகள் சல்லடை போன்ற உருக்குத் தட்டுகளாகவும் அமைக்கப்பட்டன. பாலத்தைக் காக்கும் இவ்வமைப்பு மோட்டார்ச் சைக்கிளோட்டிக்கு ஒரு சோதனையாயிற்று. ரயரின் பள்ளங்கள் தட்டின் விளிம்புகளிற் பட்டு, வண்டி சிறிது இடமும் வலமுமாக நெளியும். குனிந்து நோக்கின் கீழே நீர் தெரியும். அந்நெளிவால் வண்டி வீழ்வதில்லை. அதனை எதிர்த்துக் கைபிடியைப் பிடித்துத் திருத்த முயல்வதே தீங்காகும். வெளிப்புறத்து ஓடுவழிகள் தளமிடப்பட்டிருத்தலின் அவற்றிற் செல்வோர்க்கு இத்தொல்லை இல்லை.

மக்கினாக் பாலத்திற் காற்றை இடையறாது அளந்து, அதன் வேகத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் கட்டளையிடுவர். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டின், வாகனங்கள் மணிக்கு 20 மைல் வேகத்தில் மாத்திரமே செல்லலாம். மேலும் மிகும்போது காற்றால் எளிதிற் பாதிக்கப்படும் வாகனங்கள் காவலர் துணையோடு அனுப்பப்படும். அதனினும் மிகும்போது அவை தடுக்கப்படும். 65 மைலைத் தாண்டின் பாலமே மூடப்படும். பிரித்தானியாவின் உயர்ந்த பாலங்களிலும் காற்று மிகும்போது முதலில் நிறுத்தப்படுவன உயர்ந்த பக்கங்களையுடைய லொறிகளும் மோட்டார்ச் சைக்கிள்களுமே. பிற்காலத்துப் பாலங்கள் சிலவற்றில் ஓட்டுவோரையும் காக்கும்பொருட்டுக் காற்றுமறைப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. தாண் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே, கீழோடும் ஆற்றிலிருந்து சுமார் 270 மீற்றர் உயரத்திலே தெருவைத் தாங்கி நிற்கும் பிரான்சு நாட்டு மியோப் பாலம் 2004 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் இரு பக்கங்களிலும் 3 மீற்றர் உயரமான மறைப்புகள் காற்றின் வேகத்தைப் பாதியளவாகக் குறைக்கின்றன. 2017 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே திறக்கப்பட்ட குவீன்ஸ்பெரிப் பாலத்திலும் இத்தகைய மறைப்புகள் உண்டு.

எமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1964 ஆம் ஆண்டு டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1914 ஆம் ஆண்டு முதல் இயங்கிய பாம்பன் புகையிரதப் பாலத்தையும் சிதைத்தது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு 2022 ஆம் ஆண்டுவரை புகையிரதங்கள் ஓடிய அப்பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டின் தானாகவே செந்நிறச் சைகை காட்டிப் புகையிரதத்தை நிறுத்தும் பொறியொன்று இருந்தது. நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள புகையிரதமே காற்றுக்கு மதிப்பளித்து நின்ற இடத்தில், 200 கிலோகிராம் நிறையுள்ள வண்டியும் மனிதனும் எம்மட்டு?

ஓட்டுவோன் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து ஓட்டுவோர்க்குப் பயன்படுவனவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவதாக, காற்றைக் காண்பதற்குப் பழகுதல் வேண்டும். அசையும் மரங்கள், பறக்குங் கொடி, தெருவிற் செல்லும் புழுதி, நீரின்மேல் எழும் வெண்ணுரை என்பன காற்றின் திசையையும் வலிமையையும் முன்கூட்டியே அறிவிக்கும். பாலத்தில் ஏறுமுன் காற்று எப்பக்கமிருந்து வருகின்றது என்பதை ஒருமுறை மனத்தில் உறுதிசெய்து கொள்ளுதல் நலம்.

இரண்டாவதாக, காற்று தடைப்படும் இடங்களையும் மீண்டும் எழும் இடங்களையும் எதிர்நோக்குதல் வேண்டும். தொங்குபாலத்தின் கோபுரத்தூணின் பின்னே சில வினாடிகள் காற்று இராது. தூணைத் தாண்டியதும் முழு வேகத்தோடு அடிக்கும். மதில் முடியும் இடமும், பனந்தோப்பு முடிந்து வெளி தொடங்கும் இடமும் அத்தகையனவே. பேருந்தையோ லொறியையோ முந்தும்போதும், எதிரே வரும் அவற்றைக் கடக்கும்போதும், அவை காற்றை மறைத்துப் பின் விடுவித்தலால் வண்டி இருமுறை அசையும். பெருங்காற்றிற் பாலத்தின்மேல் முந்திச் செல்லாதிருத்தலே அறிவுடைமை.

மூன்றாவதாக, ஓடுவழியின் நடுவே, இரு பக்கமும் இடம்விட்டுச் செல்லுதல் வேண்டும். ஓரத்தை ஒட்டிச் செல்பவனுக்கு வீச்சொன்றை ஏற்பதற்கு வேண்டிய இடம் இல்லை.

நான்காவதாக, உடலைச் சற்றுத் தாழ்த்தி, முழங்கைகளை மடக்கி, முழங்கால்களாற் பெற்றோற்றாங்கியை அணைத்து இருத்தல் வேண்டும். வண்டியோடு கால்கள் ஒன்றினால் கைகள் தளர்ந்திருத்தல் எளிதாகும். சட்டையையும் மழைச்சட்டையையும் பொத்தானிட்டு இறுக்குதல் வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவரின் சேலைத் தலைப்பும் சால்வையும் பறவாது செருகப்படுதல் இன்றியமையாதது. அவை சில்லிற் சிக்குமாயின் காற்றினும் பெருந்தீங்கு நேரும். உயரமாகக் கட்டிய மூட்டைகள் காற்றுக்குப் பாயாகும். அவற்றைத் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் கட்டுக.

ஐந்தாவதாக, பார்வையைத் தூரத்தே, செல்ல வேண்டிய வழியில் நிறுத்துதல் வேண்டும். கண் சென்ற இடத்துக்கே வண்டியும் செல்ல முனையும். உயர்ந்த பாலத்திற் பக்கக் கம்பிகளையும் கீழேயுள்ள நீரையும் நோக்குபவன் அவற்றை அணுகுவதைக் காண்கின்றோம். உயரத்துக்கு அஞ்சுவது இழிவன்று. அவ்வச்சம் கைகளை விறைக்கச் செய்யாதபடி பார்த்துக்கொள்ளலே வேண்டுவது. மெல்ல மூச்செறிந்து, விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு இறுகப் பற்றியுள்ளோம் என்பது நமக்கே விளங்கும்.

ஆறாவதாக, வீச்சு அடித்த கணத்திலே பிறேக்கை அழுத்துதலும், அக்சிலேற்றரை முற்றாக மூடுதலும் தவிர்க்கப்பட வேண்டியன. சாய்ந்த நிலையில் ரயர் ஏற்கெனவே தன் பிடியின் ஒரு பகுதியைச் செலவிட்டிருக்கின்றது. ஈரமான தெருவில் எஞ்சிய பிடி மேலும் சிறிது. வேகத்தைக் குறைக்கும் தொழிலைப் பாலத்துக்கு முன்னரே செய்து முடிக்க வேண்டும்.

நிற்கும் வேளை

1805 ஆம் ஆண்டளவில் பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போபோட் காற்றின் வலிமையைப் படிகளாக வகுத்தார். பிற்காலத்தார் அப்படிகளுக்கு நிலத்திற் காணும் அடையாளங்களையும் சேர்த்தனர். மணிக்கு 39 முதல் 49 கிலோமீற்றர் வரையான ஆறாம் படியிற் குடைபிடித்தல் அரிதாகும். 50 முதல் 61 வரையான ஏழாம் படியில் மரங்கள் முழுவதும் அசையும். எதிர்த்து நடப்பது வருத்தந் தரும். 62 முதல் 74 வரையான எட்டாம் படியிற் சிறு கிளைகள் முறியும். கருவியொன்றுமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க அளவுகோல் இது. ஆறாம் படியில் எச்சரிக்கையோடு செல்க. ஏழாம் படியிற் பாலங்களையும் தாம்போதிகளையும் கடத்தலை ஒத்திவைக்க. எட்டாம் படியில் மோட்டார்ச் சைக்கிளை எடாதொழிக என்பது எனது கருத்து. புதிதாக ஓடப் பழகியவர் ஒவ்வொன்றிலும் ஒரு படி முன்னரே நிற்பாராக.

நிற்பதாயின் பாலத்தில் ஏறுமுன் நிற்க வேண்டும். பாலத்தின் நடுவே நிற்றல் பிறர்க்கும் இடர். நிறுத்திய வண்டியையும் காற்று வீழ்த்தும். பக்க ஸ்ராண்ட் இருக்கும் பக்கம் காற்று போகும் பக்கமாக அமையுமாறு வண்டியை நிறுத்தின், காற்று அதனை ஸ்ராண்டின்மேல் அழுத்தி வைத்திருக்கும். மாறி நிறுத்தின் நிமிர்த்தி வீழ்த்திவிடும். வண்டியைக் கியரில் விடுதலும் நன்று.

நம் இளைஞருட் சிலர் பெருங்காற்றில் விரைந்து ஓடுவதை வீரமெனக் கருதுகின்றனர். வேறு சிலர் அஞ்சி விறைத்து ஓடுகின்றனர். இருசாராரும் காற்றைப் பகையாகவே கருதுகின்றனர். ஒரு சாரார் அதனை வென்றுவிட எண்ணுகின்றனர். மறு சாரார் தோற்றுவிடுவோமோ என நடுங்குகின்றனர். காற்றுக்கு நம்மேல் பகையும் இல்லை, உறவும் இல்லை. அது தன் விதிப்படி வீசுகின்றது. அவ்விதியை அறிந்தவன் காற்று கேட்கும் அளவுக்குச் சாய்ந்து கொடுத்து, அது விடும்போது நிமிர்ந்து செல்கின்றான். கேட்கும் அளவு தன் ஆற்றலுக்கு மிஞ்சியது எனக் கண்டால் கரையில் நின்று விடுகின்றான்.

அன்று மாலை பூநகரியிலிருந்து திரும்பியபோது சோளகம் தணிந்திலது. பாலத்துக்கு முன்னே வண்டியை நிறுத்தி, சட்டையைப் பொத்தானிட்டு, காற்று இனி இடப்புறமிருந்து வரும் என்பதை நினைவிற்கொண்டு, கைகளைத் தளர்த்திக்கொண்டு ஏறினேன். வண்டி சற்றுச் சாய்ந்தபடி நேரே சென்றது. தாம்போதிகளையும் பாலங்களையும் நாள்தோறும் கடந்து இக்கல்லூரிக்கு வந்து செல்லும் ஆசிரியரும் மாணவரும், இனிவரும் சோளகக் காலத்தில் ஏறுமுன் ஒருகணம் நின்று காற்றை நோக்குவாராயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.